அப்புறம் என்று கேட்டவள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். என் அக்கா மகள் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடத் தேர்வில் ஃபெயிலானாள். காரணம் நான்.

ஃபெயிலானது அவள், காரணம் நான், அதைக் கதையாக எழுதிப் பேர் வாங்கப்போவதும் நான். இதைவிட வசதியான ஏற்பாடு ஓர் எழுத்தாளனுக்கு அமையாது.

அவளை வீட்டில் கொசு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தாள். டாக்டருக்குப் படிக்கப் போன பிறகு, ரத்தம் எடுக்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது என்று அப்படியே விட்டுவிட்டோம். கல்லூரி என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். அதனால் ஐந்து வருடமாக என்னோடுதான் இருக்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘வெள்ளைக் கோட்டின் பைகளில் கனவுகளைச் சுமந்தபடி அந்த இளம்பெண்—’

நிறுத்திவிட்டேன். அந்தக் கோட்டைத் துவைக்கப் போடுவது நான்தான். பைகளில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு டார்ச், ஒரு இஞ்ச் டேப், முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல், பாதி தின்ற பிஸ்கட். கனவு எதுவும் இதுவரை அகப்படவில்லை.

பிறகு இப்படி:

‘மரணத்தின் வாசனை வீசும் அந்த நீண்ட தாழ்வாரத்தில்—’

தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள் கொசு. “அது பினாயில், மாமா.”

3

எனவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

அந்தத் தேர்வில் ஒரு நோயாளியை உங்கள் முன்னால் உட்கார வைப்பார்கள். நாற்பது நிமிடம். அதற்குள் என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து என்று அவருடைய கதை முழுவதையும் வாங்க வேண்டும். ‘ஹிஸ்டரி எடுப்பது’ என்பார்கள். பிறகு தொட்டு, தட்டி, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, இன்ன நோய் என்று தேர்வாளர்களிடம் சொல்ல வேண்டும். மற்ற எல்லாத் தாள்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்களும் இதில் போனால் போனதுதான். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

கொசுவுக்கு முதல் தடவை வாய்த்தவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். “என்னங்கய்யா பண்ணுது?” என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் தான் ஓட்டிய முதல் லாரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இவள், “அப்புறம்?” அவர் கிளீனராக இருந்தது, டிரைவரானது, கல்யாணம். இவள், “அப்புறம்?” மணி அடித்தபோது அவருடைய மூத்த மருமகன் பேச்சை நிறுத்திய கட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவர் வயிற்றில் இவள் விரல்கூட வைத்திருக்கவில்லை.

“ஈரல் எவ்வளவு வீங்கியிருக்கு?” என்றார் தேர்வாளர்.

“தெரியல சார்.”

“வேற என்னதான் தெரியும்?”

“அவரோட மருமகன் அவர்கிட்ட பேசறதில்ல சார்.” *

* தேர்வாளர் சிரித்தாராம். சிரித்துக்கொண்டேதான் ஃபெயில் போட்டாராம்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், அந்த ‘அப்புறம்?’ நான் கொடுத்தது. அவளுக்கு நாலு வயதில் நான் கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். “ம், அப்புறம்?” என்று கேட்டால்தான் மேலே சொல்வேன். கேட்காவிட்டால் ராஜா ஒரு கால் குதிரை மேலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நிற்க வேண்டியதுதான். பாவம் பார்த்துக் கேட்பாள். கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. போனில் பேச விஷயம் தீர்ந்துபோனால் நாம் எல்லோரும் ‘அப்புறம்?’ என்கிறோமே, அது வெறும் இடைவெளி நிரப்பி. இவளுடையது அப்படியில்லை. கேட்டுவிட்டு, உண்மையிலேயே காத்திருப்பாள். யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது?

இவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் வார்டில் டாக்டர்களாக நடமாட, இவள் மட்டும் ஜூனியர்களுடன் வரிசையில் நின்றாள். இன்னொரு தடவை போனால் இன்னொரு ஆறு மாதம்.

4

அக்கா போனில் சொன்னது: “கெடுத்தது நீதானடா? நீயே சரி பண்ணு.”

எனவே நான் நோயாளியானேன். தினமும் மாலை சாப்பாட்டு மேசையில் ஒரு நோய். என் வேலை வழவழவென்று பேசுவது. (பயிற்சி தேவைப்படவில்லை.) அவள் வேலை வெட்டுவது.

“சொல்லுங்கய்யா, என்ன பண்ணுது?”

“வயித்து வலிம்மா. எங்கப்பா இருந்தாரு பாருங்க—”

“எத்தனை நாளா?”

“அதத்தான் சொல்ல வர்றேன். எங்கப்பா தவறிப்போன அன்னிக்கு—”

“எந்த எடத்துல? விரல வச்சுக் காட்டுங்க.”

“மனசுல.”

“மாமா! ஒழுங்கா நோயாளியா இருக்க முடியுமா முடியாதா?”

ஒருநாள் அவள் எழுதிய கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். கடைசி வரி: ‘நோயாளிக்குக் கதை சொல்லத் தெரியவில்லை.’

“என்னடி இது?”

“கோவிச்சுக்காதீங்க. டாக்டருங்க வழக்கமா எழுதறதுதான். முன்னுக்குப் பின் முரணா பேசறவங்களப் பத்தி.”

முப்பது வருடமாக எழுதுகிறேன். எந்த விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மூன்று வாரத்தில் தேறிவிட்டாள். பதினோரு நிமிடத்தில் என் கதையை வாங்கி, வயிற்றைத் தட்டி, ஈரலை அளந்து, எழுந்துவிடுவாள். சாப்பிடும்போது தபால் ஆபீசில் நடந்த வேடிக்கையை ஆரம்பித்தால், “சுருக்கமா, மாமா” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. (‘பெருமையாக’ என்பதை அடித்துவிட்டு வேறு வார்த்தை போட நினைத்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.)

5

தேர்வன்று நான் அங்கே இல்லை. இனி வருவது அவள் சொன்னது.

அவளுக்குக் கிடைத்தது ஒரு தையல்காரம்மா. அந்த அம்மாவைப் போன்றவர்கள் வருடா வருடம் தேர்வுக்கென்றே அழைக்கப்படுகிறவர்கள். தங்கள் நோயைப் பற்றி எந்த மாணவனையும்விட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

“உக்காரும்மா, பயப்படாத. ஏழு வருசமா வர்றேன். எழுதிக்க. இதயத்துல வால்வு சுருங்கியிருக்கு. சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்தது. மாடி ஏறினா மூச்சு வாங்கும், ஒம்பது வருசமா. இரு, இடது பக்கமா சாஞ்சுக்கறேன், அப்பத்தான் சத்தம் நல்லாக் கேக்கும். நாடி ஒழுங்கா இருக்கும்னு எழுதிக்க. போன வருசம் ஒரு தம்பி இல்லன்னு எழுதிட்டு, பாவம், அழுதுக்கிட்டே போனான்.”

(இந்த அம்மாவை நான் முதலில் நம்பவில்லை. “கதைல வர்ற ஆள் மாதிரி இருக்காங்களே” என்றேன். “நெஜத்துல இன்னும் அதிகமாப் பேசினாங்க. வேணும்னா நீங்க கொறைச்சுக்கங்க” என்றாள் கொசு. குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

கொசு மணிக்கட்டைப் பிடித்தாள். காது கேட்டதைத்தான் விரலும் கேட்டது. ‘நாடி ஒழுங்கு’ என்று எழுதினாள். நெஞ்சில் வைத்துக் கேட்டாள். அந்த அம்மா சொன்ன இடத்தில் சொன்ன சத்தம். பதினைந்தாவது நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது. இனி அதை அழகாக ஒப்பிக்க வேண்டியதுதான். பாஸ். என் பயிற்சியின் வெற்றி. கதையை இங்கேயே முடித்து—

முடிக்க முடியாது. இருபத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்ததே. இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனுஷி என்ன கேட்பாள்?

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல.” அந்த அம்மா முந்தானை ஓரத்தைச் சுருட்டினார். “நேத்து காலைல ஊசியில நூல் கோக்க வரலம்மா.”

“கண்ணு மங்கலா இருந்துச்சா?”

“கண்ணுக்கு என்ன கேடு? ஊசி தெரியுது, நூல் தெரியுது. கைதான் நான் சொல்றதக் கேக்கல. இந்த வலது கை. யாரோ கை மாதிரி தொங்குது. அரை மணி நேரம். பெறகு தானா சரியாயிடுச்சு. மத்தியானம் நாலு சட்டை தச்சேனே!”

“இங்க வந்ததும் யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரு கேட்டா? எல்லாரும் மூச்சப் பத்தித்தான் கேக்கறாங்க. கை என்ன நெஞ்சுக்குள்ளயா இருக்கு?”

கொசு மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம். ஒரு துடிப்பு. ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. அவசரமாக மூன்று. ஒன்று. மறுபடி ஒன்றுமில்லை. எந்தக் கணக்கிலும் அடங்காத நாடி. 

 எனக்குப் புரிய வைத்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். வால்வு சுருங்கிய இதயம் இப்படித் தாளம் தப்பினால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அதிலிருந்து ஒரு துணுக்கு கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். நேற்றுப் போனது சின்னத் துணுக்கு, அரை மணி நேரத்தில் கை திரும்பிவிட்டது. அடுத்தது எப்போது, எவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரியாது.

6

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். ஏனென்றால் அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். தேர்வாளரிடம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விடை ஷீட்டில் ‘நாடி ஒழுங்கு’ என்றிருக்கிறது. என் தாளிலும் அப்படித்தான். அப்படியே ஒப்பித்து, பாஸாகி, வெளியே வந்து, நர்ஸின் காதில் மெல்ல ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?

“ஒரு மணி நேரத்துல என்ன வேணா ஆகும், மாமா” என்றாள்.

எழுதியதை அடித்தாள். கையைத் தூக்கினாள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

“சார், இவங்கள இப்பவே வார்டுக்கு அனுப்பணும்.”

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ பரீட்சை எழுத வந்திருக்கியா, டியூட்டி பாக்க வந்திருக்கியா?”

“நாடி ஒழுங்கா இல்ல சார். நேத்து வலது கை அரை மணி நேரம் வரல.”

“ஷீட்ல ஒழுங்குன்னு இருக்கே.”

“ஷீட்ல ஒழுங்காத்தான் சார் இருக்கு. கையில இல்ல.”

“போன தடவை ஃபெயிலானது நீதானே?”

“ஆமா சார். நான்தான்.”

(குரல் நடுங்கியதா என்று கேட்டேன். “எதுக்கு நடுங்கணும்? ஒரு நிமிஷம் எண்ணியிருக்கேன்ல?” என்றாள். நடுங்கியதாக எழுதினால் காட்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் நடுங்கவில்லையாம்.)

தேர்வாளர் எழுந்து வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன சார், நான் ஃபெயிலா?” என்றார் தையல்காரம்மா.

சக்கர நாற்காலி வந்தது. அந்த அம்மா போய்விட்டார். கொசு மட்டும் தாளோடு நின்றாள். சொல்ல வேண்டிய இதயச் சத்தம், வால்வு, மூட்டுக் காய்ச்சல் எதையும் அவள் சொல்லவில்லை. காட்ட நோயாளியும் இல்லை. தேர்வாளர் அவளுடைய தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்து, மறுபடி திருப்பினார்.

“நீ போகலாம்” என்றார்.

‘நீ போகலாம்’ என்பது பாஸா ஃபெயிலா? நாற்பது வருடமாகத் தமிழ் வாசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

7

தேர்வு முடிவு வெள்ளிக்கிழமை. பத்திரிகைக்காரர் கதையைப் புதன்கிழமை கேட்கிறார். எனவே இரண்டு முடிவு எழுதினேன்.

அ) பட்டியலில் அவள் எண் இருக்கிறது. தேர்வாளர் தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறார். ‘டாக்டர்’ என்று அவளை அழைக்கிறார். வானம் லேசாகத் தூறத் தொடங்கு—

ஆ) பட்டியலில் அவள் எண் இல்லை. அவள் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். அவள் முகத்தில் ஒரு—

இரண்டையும் கொசுவிடம் கொடுத்தேன். வாசித்தாள்.

“ரெண்டுலயும் அந்த அம்மா எங்க?”

அவளே சொன்னாள். தினமும் போய்ப் பார்க்கிறாளாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போகிறது, கை நன்றாக இருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அவரவர் நோயைச் சொல்லிக்கொடுத்து, டாக்டர்களுக்கு வேலை இல்லாமல் செய்துகொண்டிருக்கிறாராம்.

“சரி, அத எழுதிட்டேன். இப்ப உன் ரிசல்ட்டுக்கு எதப் போட? அ-வா, ஆ-வா?”

“ஃபெயில்னே போடுங்க, மாமா.”

“ஏன்டி?”

“பாஸ்னு போட்டா, கடைசியில மார்க்கு கெடைச்சுது பாருன்னு ஆயிடும். மார்க்குக்காகவா கையத் தூக்கினேன்?”

சொல்லிவிட்டு மறுநாள் வார்டுக்குப் போட வேண்டிய கோட்டை இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாள். பட்டியலில் எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு அந்தக் கோட்டு வேண்டியிருக்கிறது.

நான் ‘ஃபெயில்’ என்று எழுதப்போன நேரத்தில் அக்காவின் போன்.

“கொசு கதை எழுதுறியாமே?”

“ஆமாக்கா.”

“என்ன முடிவு?”

“இன்னும் யோசிக்கிறேன்.”

“இதுல யோசிக்க என்னடா இருக்கு? நெஜத்துல எப்படியோ. நீ எழுதற கதையிலயாவது எம் பொண்ணுக்குப் பாஸ் போட்டு விடேன். ஒன் கை தேஞ்சா போகும்?”

எனவே, வாசகரே, நிலைமை இதுதான். மகள் ஃபெயில் கேட்கிறாள். அம்மா பாஸ் கேட்கிறார். மகள் சொல்வது சரி. அம்மா சொல்வதும் சரி. அந்த அறையில் என்ன நடந்தது என்று இப்போது தேர்வாளருக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். கீழே ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன்.

முடிவு: ........................

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் என் அக்காவிடம் நீங்கள்தான் போன் செய்து சொல்ல வேண்டும்.