குண்டில் உடைந்த கண்ணாடி அல்ல

தொண்ணூற்றாறாம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பு ஏழில் இயங்கிய ஒரு கலை மன்றம் இளம் கலைஞர்களுக்கென்று பரிசு அறிவித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்ணடெற் ஒரு கண்ணாடிப் படத்தை அனுப்பினாள். பச்சையும் மண்ணிறமும் அலையலையாக ஓட, நடுவே ஒரு நீலக் கீற்று. ‘நடுப்பகல்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

பகலில் அவள் ஒரு கப்பல் கம்பனியில் ரைப்பிஸ்ட். மாலையில், பழைய போத்தல் வாங்கும் புவாத்திடமிருந்து பொறுக்கியெடுத்த போத்தல்களை, வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த மின்சூளையில் உருக்குவாள். ஒரு வகைப் போத்தலை இன்னொரு வகையோடு சேர்த்து உருக்கினால் ஆறும்போது வெடித்துவிடும். ஆகவே தனித்தனியாக உருக்கி, துண்டுகளை ஈயத்தால் பொருத்த வேண்டும். அந்த வருட மின்வெட்டில் பாதிச் சூட்டிலேயே வீணாய்ப் போனவை ஏராளம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா கிளறன்ஸ், கரண்ட் பில்லைப் பார்த்துப் பார்த்து ஏசினார். ஏசிக்கொண்டே படத்துக்கு இரும்புச் சட்டமும் அடித்துக் கொடுத்தார்.

படம் முதற் பரிசுக்குத் தெரிவானது. மன்றத்தின் தலைவர் சண்முகலிங்கம் பேர்பெற்ற வழக்கறிஞர். அவளைக் கூப்பிட்டு, கண்காட்சிக்கென அச்சடிக்கவிருந்த புத்தகத்தின் பக்கமொன்றைக் காட்டினார். ‘கோட்டைக் குண்டுவெடிப்பில் சிதறிய கண்ணாடிகளிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் கண்ணீர்’ என்று அவள் படத்தைப் பற்றி இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் நகரின் நடுவே வெடித்துப் பலரைக் கொன்ற குண்டு அது.

“சேர், இது பியர் போத்தல்.”

“தெரியும் பிள்ளை. ஆனா தூதரக ஆக்கள் வருகினம். வெளிநாட்டில போய்ப் படிக்கிறதுக்கும் வழி இருக்கு. வெறும் போத்தலெண்டா ஆர் திரும்பிப் பாக்கிறது? எங்கட சனத்தின்ர கஷ்டம் வெளியில தெரிய வேணும்.”

“எங்கட ஒழுங்கையில இருந்த ஹியூபேட் அண்ணை அந்தக் குண்டிலதான் செத்தவர். அவற்ற பெஞ்சாதி ஒவ்வொரு நாளும் எங்கட வாசலாலதான் வேலைக்குப் போறா. உங்கட புருஷன் செத்த இடத்தில பொறுக்கின கண்ணாடியில படம் செய்தனான் எண்டு அவவுக்கு நான் சொல்லுறதோ?”

“ஒரு வசனம்தானே, பெரிசாக்காதையும்.”

“மாத்துங்கோ சேர். இதைச் செய்யேக்குள்ள நான் அழவும் இல்லை. சந்தோஷமாத்தான் செய்தனான்.”

“பாப்பம்,” என்றார் அவர்.

வீட்டில் இதைக் கேட்டதும் கிளறன்ஸ் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். “அங்க போய்க் கண்ணாடி பொறுக்கினனீ எண்டு பொலிசு நம்பினா, ஒரு தமிழ்ப் பெட்டை அங்க ஏன் போனனீ எண்டெல்லோ கேப்பாங்கள்? அந்தப் பெரிய மனுசனுக்கு இது விளங்கேல்லையோ?”

கண்காட்சி திறந்த நாளில் புத்தகம் எல்லார் கையிலும் இருந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. பேர்ணடெற்றை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கேடயத்தை நீட்டிய சண்முகலிங்கத்தைத் தாண்டிப் போய் அவள் மைக்கைப் பிடித்தாள். முதலில் ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு சிங்களத்தில், கடைசியில் தமிழில்.

“இந்தப் புத்தகத்தில எழுதியிருக்கிறது பொய். இது குண்டில உடைஞ்ச கண்ணாடி இல்லை. பியர் போத்தலும் சாராயப் போத்தலும் மருந்துப் போத்தலும். கொட்டாஞ்சேனையில புவாத் நானாட்ட எடுத்தது. பச்சை நிறம் எனக்கு விருப்பம், அதாலதான் செய்தனான். படம் நல்லா இருந்தா பரிசைத் தாங்கோ. என்னைப் பாத்துப் பாவப்பட்டுத் தர வேண்டாம்.”

ஒருத்தி கைதட்டினாள். வெள்ளவத்தையில் ரியூட்டரி வைத்துத் தனியார் வகுப்பு நடத்தும் அருந்ததி, பேர்ணடெற்றின் பள்ளிக்கூடத் தோழி. வேறு எவரும் தட்டவில்லை. சண்முகலிங்கம் கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.

“பொய்யோட இது இங்க நிக்கத் தேவையில்லை,” என்று பேர்ணடெற் கூட வந்திருந்த அப்பாவிடம் சொன்னாள். இருவருமாகப் படத்தைக் கழற்றினார்கள்.

“எங்க கொண்டுபோறாய்? வீட்டுக்கோ?” வாசலில் அருந்ததி வழிமறித்தாள். “என்ர ஹோல் சும்மாதானே கிடக்கு. ஞாயிறில வகுப்பும் இல்லை. வா, அங்க தொங்கவிடுவம்.”

வாடகை வானைப் பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த சிப்பாய், படத்தைப் போர்த்தியிருந்த சாக்கை விலக்கி, “மே மொனவத?” என்று, இது என்னவெனச் சிங்களத்தில் கேட்டான்.

“பியர் போத்தல், மஹத்தயா,” என்றார் கிளறன்ஸ்.

சிப்பாய் குனிந்து நெடுநேரம் பார்த்தான். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னான்.

மன்றம் அவளுக்கு மறுபடி அழைப்பு அனுப்பவேயில்லை. வெளிநாட்டுப் படிப்பு வேறொருவருக்குப் போனது. சில இரவுகளில் அதை நினைத்து அவள் நித்திரையில்லாமல் கிடந்ததும் உண்டு. ஆனால் ரியூட்டரிச் சுவரில் ஒரு படம் மட்டும் தனியாகத் தொங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. மன்றம் ஏற்காமல் திருப்பியனுப்பிய மற்றக் கலைஞர்களைத் தேடத் தொடங்கினாள். ஹெவ்லொக் டவுனில் கண்ணாடியை ஊதி மாலைமணி செய்யும் ஒரு பெண்ணைப் பிடித்தாள். காலி வீதியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் வேலை செய்த இருளப்பனைக் கண்டாள். மலையகத்துக்காரன். கழித்துப் போட்ட ஜன்னல் கண்ணாடிகளில் ஆணியால் கீறி, நெரிசலான பஸ்களை, அதில் தொங்கிக்கொண்டு சிரிக்கும் முகங்களை வரைந்து வைத்திருந்தான். தேயிலைத் தோட்டத்துக் கஷ்டம் எதுவும் இதில் இல்லையே என்று மன்றத்தில் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

“எனக்கு பஸ்தாங்க புடிக்கும்,” என்றான் அவன்.

“அப்ப பஸ்ஸைத்தான் கொண்டு வாரும்.”

மறு வருடத் தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரியூட்டரி வாங்குகளை ஓரம் தள்ளி, கடற்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். படிகளில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்கத் தொடங்கியது. இருளப்பன், படத்தின் கீழே ஒட்டுவதற்கான வெற்று அட்டையொன்றைப் பிடித்துக்கொண்டு தன் பஸ் படத்துக்கு முன்னால் முழித்தபடி நின்றான்.

“அக்கா, இதுல என்னா எழுதணும்?”

“உம்மட பேரை எழுதும்,” என்றாள் பேர்ணடெற். “பெரிசா எழுதும்.”