ஆறு மணி ஊசி

தரணி இடுப்பைத் தடவிப் பார்த்தாள். ஊசியைக் காணவில்லை.

மண்ணரையில் அவள் டெய்லராக இருக்கும் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் என்றால் எட்டரை வரை மெஷினை விட்டு எழ முடியாது. அவளுக்கோ காலை ஆறுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று என வயிற்றில் ஊசி போட்டாக வேண்டும். காலையில் கணவன் தங்கதுரை போட்டுவிடுவான். மருந்து நிரப்பியே வரும் மாலை ஊசியைச் சோற்று டப்பாவுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து, டீ நேரத்தில் இடுப்பில் செருகிக்கொண்டாள். பாத்ரூமில் கூட்டம். அப்புறம் வரலாம் என்று மெஷினுக்குத் திரும்பியதுதான் தப்பாகிவிட்டது.

ஏற்றுமதி கம்பெனியில் மனிதருக்கு இல்லாத மரியாதை ஊசிக்கு உண்டு. மெஷின் ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்று சேர்த்து முழு ஊசியாகக் காட்டினால்தான் லைன் மறுபடி ஓடும். வெளி ஊசியை உள்ளே கொண்டுவந்தால் அன்றோடு வேலை போய்விடும். அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்ததோ கைக்குழந்தைச் சட்டை.

இரண்டு கரு கலைந்த பிறகு, மூன்றாவது தங்கியபோதுதான் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆன்டிபாஸ்போலிபிட் என்று ஒரு பெயர் சொன்னார். நோயோடு சண்டை போடவேண்டிய ஆன்டிபாடிகள் புத்தி கெட்டுச் சொந்த உடம்போடு மல்லுக்கு நிற்குமாம். அதில் ரத்தம் கட்டி, நஞ்சுக்கொடி அடைத்து, பிள்ளைக்குப் போகவேண்டியது போகாதாம். ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் இந்த ஊசி. முப்பது வருசத்துக்கும் மேலாக இருக்கிற டெஸ்ட், முன்னமே யாராவது டாக்டர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் சலித்துக்கொண்டார்.

இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லி, அப்புறம் ஊரெல்லாம் துக்கம் விசாரித்தது போதும் என்று இந்த முறை அவள் வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தால் வேலை போகும், ரகசியமும் போகும். திறக்காவிட்டால் இன்றைய மருந்து போகும். ஊசி எந்தத் துணிக்கட்டுக்குள் கிடக்கிறதோ, பக்கத்து மெஷின் அமராவதியின் கட்டில் அகப்பட்டால் பழி அவள் தலையில் விழும். வயிற்றுக்குள் இந்நேரமே ரத்தம் கட்டத் தொடங்கிவிட்டது போலிருந்தது.

லைன் சூப்பர்வைசர் சுப்புலட்சுமி சிரித்து யாரும் பார்த்ததில்லை. தையல் கோணினால் பீஸை முகத்துக்கு நேரே வீசுகிறவள். தரணி அவளிடம் போய் நின்றாள்.

"அக்கா, என்ற ஊசி ஒண்ணு கீழ விழுந்துருச்சுங்க. மருந்து ஊசிங்க. வயித்துல புள்ளைங்க."

சுப்புலட்சுமி மெஷின் ஊசி உடைந்துவிட்டதாக எல்லோருக்கும் கேட்கச் சொல்லி லைனை நிறுத்தினாள். அவளே குனிந்து கட்டுக் கட்டாக உதறினாள். சட்டைக் கைக்கு வெட்டிய துணிக்கட்டிலிருந்து ஊசி விழுந்தது. மூடி கழலவில்லை. அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு தரணியைப் பாத்ரூமுக்கு இழுத்துப்போய்த் தாழ் போட்டாள்.

தரணி டாப்ஸைத் தூக்கினாள். வயிறெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. சதையைப் பிடித்து ஊசியை இறக்கினாள். என்ன வியாதி என்று சுப்புலட்சுமி கேட்டாள். தரணி வியாதியையும் அதைக் காட்டிய டெஸ்ட்டையும் தனக்குத் தெரிந்தவரை சொன்னாள்.

சுப்புலட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு நாலு போச்சு கண்ணு. என்ற ராசி செரியில்லைன்னாங்க. அவரும் வேற கட்டிக்கிட்டாரு. நானும் என்ற ராசிதான்னு இருந்துட்டேன்."

வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"அந்த டெஸ்ட்டு எப்ப கண்ணு வந்துச்சு?"

அவள் கண்ணைப் பார்க்கத் தரணிக்குத் தைரியம் வரவில்லை. காலி ஊசிக்கு மூடி போடுவதிலேயே கவனமாக இருந்தாள்.

"இப்பத்தானுங்க அக்கா. போன வருசந்தான் வந்துச்சாமுங்க."

சுப்புலட்சுமி மெல்லத் தலையாட்டினாள். "அப்படீன்னா அப்ப யாருக்குந்தான் தெரிஞ்சிருக்காது," என்றாள். காலி ஊசியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, லைனை ஓட்டச் சொல்லப் போனாள்.