ஏக்கத்தில் ஏறிய பங்கு

வெளிநாட்டுத் தொழிலாளிகள் குடும்பத்தை ரியாத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வரி கட்ட வேண்டும் என அரசு அறிவித்தது. அன்று மாலையே 'சதா' என்ற தொலைபேசி நிறுவனத்தின் தலைவர் ஃபுஹைத் தொலைக்காட்சியில் தோன்றி வாயாரப் பாராட்டினார். "வந்தவங்க கிளம்பட்டும். நாடு நம்ம பிள்ளைங்களுக்கு" என்றார். மறுநாள் அவருடைய நிறுவனத்தின் பங்கு ஒரு ரியால் விழுந்தது.

முத்லக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்வது முத்லக்கின் வேலை. நல்ல சேதியை ஊதியும் கெட்ட சேதியை மழுப்பியும் பன்னிரண்டு வருஷம் எழுதிப் பழகிய கை.

"ஏன்யா விழுந்துச்சு?"

"நம்ம சிம் வச்சிருக்கறதுல பாதிப் பேர் அவங்கதான், அபு தாமிர்." மகன் பெயரை வைத்துத் தலைவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"எவங்க?"

"நேத்து நீங்க கிளம்பச் சொன்னவங்க."

தலைவர் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் போட்டார். "நான் பொதுவாச் சொன்னேன். நம்ம வாடிக்கையாளரையா சொன்னேன்?"

துபாயிலிருந்து மூன்று ஆலோசகர்கள் வந்து ஒரு வாரம் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். பெண்டாட்டி பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடப்பவன் தினமும் நாற்பது நிமிஷம் ஊருக்குப் பேசுவான். பிரிவு முற்ற முற்ற நிமிஷம் கூடும். ஆகவே இந்த வரி நிறுவனத்துக்கு வரப்பிரசாதம். இதற்கு 'ஏக்க வளர்ச்சி' என்று பெயரும் வைத்தார்கள். முத்லக் அதை அறிக்கையாக எழுதினான். பங்கு இரண்டு ரியால் ஏறியது. தலைவர் அந்த ஊர் வழக்கப்படி அவன் மூக்கோடு மூக்கு உரசிப் பாராட்டினார்.

அந்த வாரம், அலுவலகத்தில் கஹ்வா காப்பி ஊற்றும் வங்கதேசத்து நவகாளிக்காரர் ஷம்சுல் மனைவியையும் இரண்டு மகள்களையும் விமானம் ஏற்றி அனுப்பினார். ஷம்சுலுக்கு முத்லக் 'முதீர்', அதாவது மேலாளர். முத்லக் மெல்ல விசாரித்தான்.

"வீட்டுக்கு நெறையப் பேசுறீங்களா?"

"பேசுறேன் முதீர். இங்க ஆபீஸ் வைஃபைலதான். அதுக்குப் போய் யாரு காசு குடுப்பா?"

"மத்தவங்க?"

"அவங்களும் அப்படித்தான். ஆனா நான் அடுத்த மாசம் மொத்தமா போயிடறேன். சின்னவ கோவத்துல போன்ல முகத்தையே காட்ட மாட்டேங்குறா. நேர்ல போனாத்தான் சமாதானமாவா."

முத்லக் கோப்பையைக் கீழே வைத்தான். அந்தப் பிள்ளையின் கோபத்தைத்தான் அவன் அறிக்கையாக்கி விற்றிருந்தான்.

ஷம்சுல் போனார். அவரைப் போல நான்கு லட்சம் பேர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். பங்கு பாதி விலைக்கு வந்தது. பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து காரணம் கேட்டார். உலகச் சந்தை நிலவரம் என்று சொல்லும்படி தலைவர் சீட்டு எழுதி நீட்டினார். முத்லக் சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"நம்ம தலைவர் டிவியில கிளம்புங்கன்னு சொன்னார், கிளம்பிட்டாங்க. அவங்க அழுவாங்க, நமக்கு லாபம்னு நான் உங்களுக்கு எழுதினேன். வேற காரணம் எதுவும் இல்ல."

மறுவாரம் அவனை பத்ஹா கடைத்தெருவில் சிம் விற்கும் கிளைக்கு மாற்றினார்கள். சிம் வாங்க வருகிறவர்களைவிட, ஊருக்குப் போகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

வரியில் சலுகை வரலாம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பங்கு துள்ளியது. தலைவர் மீண்டும் தொலைக்காட்சியில் வந்து, அயல்நாட்டுச் சகோதரர்களை இந்த நிறுவனம் என்றுமே உறவாகத்தான் நினைத்தது என்றார். தொலைநோக்குக்காக வணிகர் சங்கம் அவருக்குக் கேடயம் கொடுத்தது.

முத்லக் கடையிலிருந்து ஷம்சுலைக் கூப்பிட்டான்.

"சின்னவ சமாதானமாயிட்டாளா?"

"எங்க முதீர்? அரபியிலயே சண்டை போடுறா. இங்க யாருக்கும் புரியல. நீங்களே கேளுங்க."

பெண் வந்தாள். சுத்தமான ரியாத் பேச்சு. "மாமா, எங்க ஸ்கூல் திறந்துடுச்சா?"

"திறந்துடுச்சும்மா."

"என் பெஞ்சுல யாரு உக்காந்திருக்கா?"

தெரியவில்லை என்றான் முத்லக். பள்ளியின் பேரைச் சொல்லி, தெரிந்துகொண்டு சொல்லச் சொன்னாள். அப்போதே கடையை மூடிவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தான்.