பொங்கல் சீரோடு வந்த பவளம்

அண்ணன் வருகிறார் என்று ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால்கூடத் கூடத்து மீன்தொட்டியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, ரிப்பேர் என்று சொல்லியிருப்பேன். அவர் சொல்லிக்கொண்டு வரவில்லை. போகியன்று காலை பத்து மணிக்கு, நான் பழைய நைட்டியோடு பரண் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் அன்னூரிலிருந்து கிருபாசங்கர் அண்ணன். டிக்கியில் அரிசி மூட்டை, வெல்லம், மஞ்சள் கொத்து. கரும்பு ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டில் எனக்கு ஒரு புடவை. பொங்கல் சீர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு வருடமும் மூன்று மாதமும் கழித்து என் வீட்டுப் படி ஏறுகிறார்.

அந்தச் சண்டைக்குக் காரணமே எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல்நீர்த் தொட்டிதான். ஆறடி நீளம். மீன் நாலைந்துதான், மற்றதெல்லாம் பவளம். அண்ணன் மகள் வர்ஷினி பெரியவளானதற்குச் சீர் வைத்திருந்தார்கள். அத்தைக்காரி நான்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்று விடிகாலையில் தொட்டியின் பம்பு நின்றுவிட்டது. என் கணவர் திருமூர்த்தி கணபதியில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட வீட்டில் பம்பு நின்றது. தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே எல்லாம் மூச்சு முட்டிச் சாகும். உக்கடத்தில் கடை வைத்திருக்கும் பிரான்சிஸ் வேறு பம்பு கொண்டுவரும் வரைக்கும் பட்டுப்புடவையோடு சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்னூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. தண்ணீர் வார்த்து முடித்து, இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. "வாங்க. சாப்புடுங்க. மீனெல்லாம் சௌக்கியமுங்களா?" என்றார். பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்ட மனிதர். அந்த மரியாதையைக் கேட்டுப் பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் போன் போட்டால் எடுக்கவில்லை. இரண்டு பொங்கல், மூன்று தீபாவளி எனக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது.

இப்போது வந்திருக்கிறார். சாமான்களையெல்லாம் உள்ளே வைத்தபின் காரின் முன்சீட்டிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை, பிள்ளையைத் தூக்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஈரோட்டுக்குப் போயிருந்தேன் அம்மணி. அங்க ஒரு கடையில இருந்துச்சு. உனக்குப் புடிக்குமேன்னு கொண்டாந்தேன்."

உள்ளே பிளாஸ்டிக் பையில் கட்டைவிரல் அளவுக் கல். அதன் மேல் பன்னிரண்டு சோவா. சட்டைப் பொத்தான் அளவில் பூ மாதிரி வட்டமான பவளம் அது, சுற்றிலும் மெல்லிய விரல்களால் ஆன விளிம்பு. ரோஸ் நிறம், நடுவில் மஞ்சள் பொட்டு. எந்தத் தொட்டியால் அவருக்கு என்மேல் கோபம் வந்ததோ அதே தொட்டிக்கு வாங்கி வந்திருக்கிறார். இதைவிட ஒரு மனிதர் எப்படி இறங்கி வர முடியும்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகை நின்றதும் பயம் வந்தது. என் வீட்டில் வெளியிலிருந்து வருகிற பவளம் எதுவும் நேராகத் தொட்டிக்குள் போகாது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், கண்ணுக்குத் தெரியாததைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வந்த பவளத்தைக் கையுறை போட்டு எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் பழுப்பு நிற மருந்தைக் கலந்து பத்து நிமிடம் முக்கி வைக்க வேண்டும். ஒளிந்திருக்கிற புழுவும் பூச்சியும் துடித்துக்கொண்டு வெளியே வந்து விழும். ஆனால் முட்டைக்கு மருந்து ஏறாது. அதனால் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தொட்டியில் நாற்பது நாள் தனியாக வைத்து, வாரம் ஒருமுறை மறுபடியும் முக்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு என் கணவர் வைத்திருக்கிற பெயர் சப் ஜெயில்.

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய தொட்டியின் முன்னால் நின்றார். "போடு அம்மணி. அத ஒரு தடவ பாத்துப்போட்டுக் கெளம்பறேன். ஊர்ல மாட்டுப் பட்டி கழுவோணும், ஆளு வந்திருக்கும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் கழித்துச் சீர் கொண்டுவந்த அண்ணனின் முகத்துக்கு நேராக, அவர் கொடுத்ததை வாஷிங் மெஷின் பக்கம் கொண்டுபோய் மருந்தில் முக்குவதா? நீ கொண்டுவந்ததில் பூச்சி இருக்கும் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகாதா? மறுபடியும் அந்த வாங்க, சாப்புடுங்க. அதை என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட்டு, கல்லை எடுத்து நேராகத் தொட்டியின் நடுவில் வைத்தேன். ஆறு வருடமாக நான் வளர்த்த பச்சை சோவாவுக்குப் பக்கத்தில். பிரான்சிஸிடம் எட்டுப் பூவாக வாங்கி, முந்நூறு பூவாகத் தோசைக்கல் அகலத்துக்குப் படர்ந்திருந்தது அது.

அண்ணன் சிரித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போவதற்குள் என்னை எத்தனை தடவை அம்மணி என்று கூப்பிட்டார் என்று எண்ணிக்கூட வைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றாவது வாரம் பச்சை சோவாவின் ஓரத்தில் நாலைந்து பூ விரியவில்லை. அடுத்த நாள் பத்து. ஐந்தாம் நாள் அந்த இடத்தில் வெறும் கல் தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓடில்லாத நத்தை, அரிசி நீளம்கூட இல்லை. சோவாவைத் தின்று தின்று அதே பச்சை நிறம், முதுகில் அதே விரல் விரலான விளிம்பு. பூவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கல்லின் அடியில் வெள்ளைச் சுருளாக முட்டை.

பிரான்சிஸ் வந்து பார்த்தார். "முக்காமப் போட்டீங்களா மேடம்? நீங்களா?" என்று கேட்டார்.

அன்று ஆரம்பித்த வேலை. தினமும் காலை ஐந்து மணிக்கு, தொட்டி விளக்கு எரிவதற்கு முன்னால் எழுந்து, டார்ச்சும் இடுக்கியுமாக உட்கார்ந்து நத்தை பொறுக்குவேன். ஐந்து நாளுக்கு ஒருமுறை கல்லையெல்லாம் வெளியே எடுத்து மருந்தில் முக்கி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் முட்டையைச் சுரண்டுவேன். அப்புறம் சமையல், அப்புறம் வேலை, ஆறு மணிக்கு வீடு. மறுநாள் ஐந்து மணி. பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருக்கும். மாசி போய்ப் பங்குனி வந்தது, பங்குனி போய்ச் சித்திரை வந்தது. இடுப்பு விட்டுப்போனது. பரிசோதனைக் கூடத்தில் ஒருநாள் நின்றபடியே கண் அசந்துவிட்டேன், வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தத் தொட்டியைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது.

இதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வீடியோ காலில் வருவார். "நம்ம பூ எப்படி இருக்குது அம்மணி? காட்டு பாக்கலாம்." அவருடைய பன்னிரண்டு பூவில் ஐந்துதான் மிச்சம். போனைச் சாய்த்து, அந்த ஐந்து மட்டும் தெரிகிற மாதிரி பிடித்து, "நல்லா இருக்குதுங்கண்ணா" என்பேன். அவர் பூ செத்துவிடக் கூடாது என்பதற்காகவே என்னுடையதைவிட அதைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்த சொல்லிப்போட்டா என்ன நித்யா?" என்றார் என் கணவர்.

"சொன்னா மறுபடியும் ரெண்டு வருசமுங்க."

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. எனக்கு லீவு, அவர் பட்டறைக்குப் போய்விட்டார். மதியம் சோறு பொங்கி இறக்கிவிட்டு, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நிமிர்ந்தால் அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். பண்ணைக்குக் கோழித் தீவனம் எடுக்க வந்தவர், அப்படியே வந்திருக்கிறார்.

"என்ன அம்மணி பொறுக்கற?"

கிண்ணத்தில் ஏழெட்டு நத்தை நெளிந்துகொண்டிருந்தது. பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "நத்தைங்கண்ணா. பூவத் திங்குது."

"எங்கிருந்து வந்துச்சு?"

நான் சுவரைப் பார்த்தேன். அவர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். பச்சை சோவா உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. அவர் கொடுத்த கல்லில் மூன்று பூ.

"நான் கொண்டாந்ததுலயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"மருந்துல முக்கலையா நீ?" என்றார் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படீங்கண்ணா தெரியும்?"

"கடைக்காரன் பத்துத் தடவ சொன்னானே. மருந்துல முக்கி, ஒன்றர மாசம் தனியா வெச்சுத்தான் சேக்கோணும்னு. என் தங்கச்சிக்குத் தெரியாததா, அவ உனக்கே பாடம் எடுப்பாப்பான்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

"நீங்கதானுங்க போடு, பாத்துட்டுப் போறேன்னீங்க."

"பாத்துட்டுப் போறேன்னா? நீ எந்தத் தண்ணியில போட்டாலும் பாத்துட்டுப் போயிருப்பேன். எட்டாயிரம் கோழி வெச்சிருக்கறவன் அம்மணி நான். என் பண்ணைக்குள்ள யாரு வந்தாலும் மருந்துத் தண்ணியில கால நனைக்காம உட மாட்டேன். என் மாமனாரே வந்தாலும் அப்படித்தான். நீ முக்குனா எனக்குக் கோவம் வருமா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்த மூன்று பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னிக்கு நீ சந்தோசத்துல போடல. எனக்குப் பயந்துட்டுப் போட்ட."

"ஆமாங்கண்ணா."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காட்டுனதும்?"

"அதுவுந்தானுங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "என்னத்துக்குக் கண்ணு பயம்? அண்ணன்காரனுக்குக் கோவம் வந்தா நாலு நாளு பேச மாட்டான். அப்பறம் வந்துருவான்."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எப்படி வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. சத்தம் போடவில்லை, சத்தம் போடத் தெம்பும் இல்லை. "நாலு நாள் இல்லீங்கண்ணா. ரெண்டு வருசம் மூணு மாசம். பம்பு நின்னு போச்சுன்னு சொல்லக்கூட நீங்க உடலீங்க. மீன் சௌக்கியமான்னு கேட்டீங்க. பொங்கலுக்குப் பொங்கல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். நத்தை பொறுக்கி எனக்கு அலுப்பு வரலீங்க. நீங்க மறுபடியும் போயிருவீங்களோன்னு பயந்து பயந்துதான் நெம்ப அலுத்துப்போச்சுங்க."

அண்ணன் வேட்டி நுனியை எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "தப்பு என்மேலதான் அம்மணி" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எங்கள் அப்பாவும் கேட்டிருக்க மாட்டார்.

"காபி வெக்கறேனுங்க" என்று எழுந்தேன். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னும் வேண்டாம், சித்த படு" என்றார். என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டார். "முதுகுல மயிராட்டம் இருக்கறது நத்தை, அப்படித்தான?"

"கையுறை போட்டுக்கோங்கண்ணா. சோவா விஷம்."

அவ்வளவுதான் சொன்ன ஞாபகம். படுத்தது தெரியும், கண்ணை மூடியது தெரியாது. எழுந்தபோது நாலரை மணி. பிறந்த வீட்டு ஆள் வந்திருக்கும்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் தூங்கியிருக்கிறேன், வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். பதறிப்போய்ச் சமையலறைக்கு ஓடினேன். அண்ணன் தானே சோறு போட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். எனக்கென்று இன்னொரு தட்டில் போட்டு மூடியும் வைத்திருந்தார். கூடத்தில் கையுறையோடு இன்னும் தொட்டி முன்னால் உட்கார்ந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.