தனி அறைச் சலுகை

தஞ்சை வட்டாரத்தில் யாரும் யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால், அது வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று, ஏதோ பாசன விவரம் விசாரிப்பதுபோலக் கேட்பார்கள். மூன்றாவது கேள்வியோடு விசாரணை முடிந்துவிடும். கேட்டவர் முகத்தில் எதுவும் மாறக் கூடாது. சொன்னவரும் எதையும் சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பெயர்களின் வாலை நறுக்கியாயிற்று. தெருப் பலகைகளில் சாதிப் பெயரின்மேல் தார் பூசி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அந்தச் சொல்லை வாய்விட்டு உச்சரிப்பவரே நாகரிகம் அற்றவர் ஆகிறார். மேடையில் சமத்துவம் முழங்குகிறவர்களும், வரப்புத் தகராறில் அரிவாளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்களும் இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஒருமனதாகக் காப்பாற்றி வந்தார்கள்.

அமலோற்பவம் டீச்சரும் அறுபத்தொரு வயது வரைக்கும் அதைக் காப்பாற்றியவர்தாம். தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் பெங்களூரில். நன்னிலத்துக்குக் கிழக்கே கீரந்திடல் என்னும் கடைமடைக் கிராமத்தில் பிறந்தவர். மேட்டூரில் ஜூன் மாதம் திறந்த தண்ணீர், வழியில் உள்ள எல்லா ஊரின் தாகத்தையும் தீர்த்துவிட்டு, ஆகஸ்டில் கணுக்கால் நனையும் அளவுக்குக் கலங்கலாக வந்து சேரும் இடம் அது. ஆண்டுதோறும் கரும்பலகையில் நீலச் சுண்ணக்கட்டியால் ரைன் நதியை வரைந்து, அது ஆல்ப்ஸ் மலையில் பிறந்து நெதர்லாந்தில் கிளை கிளையாகப் பிரிந்து கடலில் கலக்கிறது என்று சொல்லிவந்த அவருக்கு, அந்த நதியின் கடைமடையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தில், கடைசி வயல் வரைக்கும் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள், வேண்டாத வெள்ளத்தை எப்படி வெளியே தள்ளுகிறார்கள் என்று கண்ணால் காண வேண்டும். ஈபில் கோபுரம் இருந்தாலும் சரி, விழுந்தாலும் சரி. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அறுவை சிகிச்சையை இந்த ஆண்டைத் தாண்டித் தள்ள முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போவதானால் வருகிற மே மாதம் போக வேண்டும், இல்லையேல் இல்லை.

கூட்டமாக அழைத்துப்போகும் கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதுதான், உலகத்தைப் பார்ப்பது என்பதை மனிதர்கள் எவ்வளவு அருவருப்பான காரியமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பம்பாய்க் கம்பெனியின் விளம்பரப் புத்தகம் எண்ணெய் தடவியதுபோல் வழவழத்தது. பதினோரு நாளில் எட்டு நாடு. ரைன் நதிக்குப் ‘படம் எடுக்க இருபது நிமிடம்’ என்று போட்டிருந்தது. இருபது நிமிடத்தில் எட்டாம் வகுப்புக்கு வருகைப் பதிவுகூட எடுத்து முடியாது. சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தினமும் போனில் அழைத்து, கைக்கடிகாரக் கடை, சாக்லேட் கடை, தோல் பைக் கடை என்று பேருந்து நிற்கும் கடைகளை ஜெபமாலை உருட்டுவதுபோல் சொன்னாள். நதி கடலில் சேரும் இடத்துக்குப் போவீர்களா என்று டீச்சர் கேட்டதற்கு, “அங்க ஷாப்பிங் இல்லையே மேடம்” என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

மூன்றாவது கம்பெனியைக் கொண்டுவந்தவர் தனபாக்கியம் டீச்சர். கணக்கு ஆசிரியை, ஆசிரியர் அறையில் இருபது ஆண்டுகள் அமலோற்பவத்துக்கு அடுத்த நாற்காலி, அவரும் கணவரை இழந்தவர், திருவையாற்றுப் பக்கம் நன்செய் உள்ள குடும்பம். தெரியாத ஜனங்களோடு போய் அவதிப்பட வேண்டாம், புது மனுஷர்கள் பக்கத்தில் படுத்தால் தனக்குத் தூக்கமே வராது, நம் ஊர்க்காரர் குஞ்சிதபாதம் அழைத்துப் போகிறார், அவரோடு போய்விடலாம் என்று அவர்தான் வற்புறுத்தினார்.

குஞ்சிதபாதத்தின் அலுவலகம் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருந்தது. காசி, கயை என்று ஆட்களை ஏற்றிப்போய்க் கொண்டிருந்தவர், ஐந்தாறு ஆண்டுகளாகத்தான் கடல் தாண்டிப் போகிறார். கட்சிக் கரை வேட்டி. தலைக்குமேல் சந்தன மாலை போட்ட இரண்டு தலைவர்களின் படங்கள். அவருடைய அறிவிப்புத் தாளில் ‘நம் சமையல், நம் மக்கள், நம் பண்பாடு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ‘நம் மக்கள்’ என்ற இரண்டு சொற்களையும் படித்தபோதே அமலோற்பவத்துக்கு, குடிக்க எடுத்த மோரில் ஈ கிடந்ததைக் கண்டாற்போல் ஆயிற்று. ஆனால் அதே தாளின் பின்பக்கத்தில், நெதர்லாந்தில் இரண்டு முழு நாட்கள் என்றும், கால்வாய்க் கரை, காற்றாலைகள், கடலைத் தடுத்த பேரணை என்றும் இருந்தன. வேறு எந்தக் கம்பெனியின் தாளிலும் இல்லாதவை. அவர் ஈயை எடுத்துப் போட்டுவிட்டு மோரைக் குடித்தார்.

படிவத்தில் ‘அறையில் உடன் தங்குபவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. தனியாக வரும் பெண்களை இருவர் இருவராகத்தான் தங்கவைப்பார்கள். அமலோற்பவம் யோசிக்காமல் தனபாக்கியத்தின் பெயரை எழுதினார். அந்த யோசிக்காமைக்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு எரிவாயுக் கிணறு தோண்ட வந்தவர்களை எதிர்த்து நன்னிலம் சாலையில் பந்தல் போட்டபோது இருவரும் ஒரே பாயில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நிலம் உள்ளவர்கள் நிலத்துக்காக வந்தார்கள். நிலமே இல்லாத கீரந்திடல் ஆட்கள், நிலம் போனால் கூலியும் போகும் என்று வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புளிச்சாதப் பொட்டலம். தனபாக்கியம் தன் பொட்டலத்திலிருந்த அப்பளத்தை உடைத்துப் பாதியை நீட்டினார். அமலோற்பவத்தின் தகப்பனார் சவரிராஜ், கூலி நெல் அரை மரக்கால் கூடக் கேட்டதற்காக இரண்டு அறுவடைக்குக் களத்தில் கால் வைக்க விடாமல் துரத்தப்பட்டவர். அவர் மகள் அந்தப் பாதி அப்பளத்தை வாங்கித் தின்றபோது, ஒரு யுகம் மாறிவிட்டதாகவே நினைத்தார். பொட்டலம் என்பது தட்டும் தம்ளரும் தேவைப்படாத ஏற்பாடு என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

படிவத்தை வாங்கிப் படித்த குஞ்சிதபாதம் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சருக்குப் பூர்வீகம் எதுங்க?”

“நன்னிலம் பக்கம். கீரந்திடல்.”

“அட, நம்ம சைடுதான். கீரந்திடல்ல எங்க, மாதாகோயில் தெருங்களா?”

“மாதாகோயிலுக்குப் பின்னாடி.”

“வாய்க்காலுக்கு இந்தாண்டதானே?”

“அந்தாண்ட” என்றார் அமலோற்பவம்.

குஞ்சிதபாதத்தின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கிறிஸ்தவப் பெயரையும் டீச்சர் வேலையையும் வைத்து அவர் போட்டிருந்த ஒரு கணக்கு தப்பிவிட்டது; அவ்வளவுதான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, நல்லது நல்லது என்றார். அறை விஷயத்தைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கி இழுப்பறைக்குள் வைத்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகும் அமலோற்பவத்தின் உள்ளங்கையில் ஒரு பிசுபிசுப்பு இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டார்.

அதன் பிறகு தனபாக்கியம் போனில் கம்பளிச் சட்டை பற்றிப் பேசினார், ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்று பேசினார். அறையைப் பற்றிப் பேசவில்லை. அமலோற்பவம் ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தபோது, வாசலில் பால்காரர் நிற்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மாலை நான்கு மணிக்கு அந்தத் தெருவில் பால்காரர் வருவதில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரிய கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஓட்டல் கூடம் ஒன்றில் பயணிகள் எல்லாரையும் குஞ்சிதபாதம் அழைத்திருந்தார். முப்பத்தாறு பேர். முக்கால்வாசிப் பேர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டவர்கள்; இரண்டு ஒப்பந்தக்காரர்கள், ஒரு பல் மருத்துவர். திரையில் பனிமலை வந்தது. பனிமலையின் முன்னால் நின்று, தொன்னையில் தயிர்ச்சாதம் தின்கிற போன ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒருவர் மோர்மிளகாயைக் கடித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கூடம் சிரித்தது. தஞ்சாவூரை ஒரு பெட்டிக்குள் அடைத்து எடுத்துப்போய், அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவர இவ்வளவு பேர் இவ்வளவு ஆவலாக இருந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், சமையல்காரர் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அவர் எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் திருப்தியாகி, போண்டாவைச் சட்னியில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டார். எண்ணெய் வழிந்த அந்த உதடுகளைப் பார்க்கச் சகிக்காமல் அமலோற்பவம் முகத்தைத் திருப்பினார்.

திருப்பிய பக்கத்தில் சுவரில் அறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. எட்டாவது வரி: தனபாக்கியம், உடன் கமலவல்லி, மயிலாடுதுறை. கமலவல்லி யாரென்று சற்றுமுன் வாசலில் தெரிந்திருந்தது. தனபாக்கியமே அந்த அம்மாளிடம் போய், நீங்கள்தான் கமலவல்லியா, இன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன் என்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார். புது மனுஷர்கள் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வராதவர், பெயர் மட்டும் தெரிந்த ஒருவரோடு பதினாறு இரவுகள் தூங்கத் துணிந்திருந்தார். இருபது ஆண்டுகளாகத் தெரிந்த ஒருவரோடு முடியவில்லை.

அமலோற்பவம் தன் பெயரைத் தேடினார். அது கடைசி வரியில் இருந்தது. அவர் பெயருக்கு எதிரே எந்தப் பெயரும் இல்லை.

அப்போதுதான் குஞ்சிதபாதம் ஒலிபெருக்கியைத் தட்டினார். ஒரு சந்தோஷமான சேதி என்றார். சாதியும் மதமும் பாராமல் ஒரே குடும்பமாகப் போகிற இந்தப் பயணத்தில், எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுத்த நம் அமலோற்பவம் டீச்சரைக் கௌரவிக்க வேண்டாமா என்றார். எல்லா ஊரிலும் டீச்சருக்குத் தனி அறை, அதற்கென்று ஒரு பைசா கூடுதல் இல்லை, கம்பெனியின் அன்பளிப்பு. கூடம் கைதட்டியது. கொடுத்துவைத்தவர் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். குஞ்சிதபாதத்தின் கையில் ஒரு பொன்னாடை மினுங்கிக்கொண்டிருந்தது.

மேடைக்கு ஏழெட்டு அடி இருக்கும். அந்த ஏழெட்டு அடியில் அமலோற்பவத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பொன்னாடையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னால் போதும். தனி அறை, தனிச் சாளரம், யாருடைய குறட்டையும் இல்லை; மே மாதம் ரைன் நதியின் கரையில் நிற்கலாம். சொல்லாவிட்டால் பாஸ்போர்ட் இழுப்பறையிலிருந்து திரும்பி வரக்கூடும். முழங்காலுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. வட்டாரத்தின் அந்தச் சட்டம் அவரிடம் கேட்டதெல்லாம் ஒரு புன்னகைதான். அந்தப் புன்னகை தன் உதட்டில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பதையும், கைகள் கும்பிடத் தாமாக உயர்ந்திருப்பதையும் அவர் கவனித்தார். அன்று காலையிலிருந்து கண்ட எல்லாவற்றையும்விட அந்தக் கைகள்தாம் அவருக்கு அருவருப்பாக இருந்தன.

கைகளைக் கீழே இறக்கினார். தோளில் விழவந்த பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

“இந்தத் தனி ரூம் எனக்கு வேணாங்க. எனக்கு ஏன் குடுத்தாங்கன்னு இங்க சில பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் கீரந்திடல் சவரிராஜ் மக. நாங்க பறையர்.”

யாரோ திரையை அணைத்தார்கள். குஞ்சிதபாதம் ஒலிபெருக்கியை நோக்கிக் கையை நீட்டி, தாழ்ந்த குரலில், “என்னங்க டீச்சர் இது. இங்க யாரு அதெல்லாம் கேட்டா?” என்றார்.

“நீங்க கேட்டீங்க. மூணு கேள்வி கேட்டீங்க. நானும் ஊரு, வாய்க்கால்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அது என் தப்பு.” அவர் கூடத்தின் பக்கம் திரும்பினார். “நான் இந்தப் பயணத்துக்கு வரத்தான் போறேன். முழுப் பணம் கட்டியிருக்கேன். என்கூட ஒரே ரூம்ல படுக்க முடியாதவங்க யாரோ அவங்களுக்குத்தான் தனி ரூம் வேணும். அவங்களுக்குக் குடுங்க. இந்தப் பொன்னாடையும் அவங்களுக்கே போடுங்க.”

தனபாக்கியம் ஆறிப்போன காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கமலவல்லி நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் கைப்பையைப் பார்த்தார். அமலோற்பவம் மேடையிலிருந்து இறங்கவில்லை. வகுப்பில் பின்பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில், ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி, அந்த வட்டாரத்தில் யாரும் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

“தனபாக்கியம் டீச்சர், நீங்க என்ன சாதி?”