என்கொயரி அக்காவின் சிரிப்பு

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் என்கொயரி அக்கா. விசாரணை கவுண்டரில் எரிந்து விழுகிறவர்களுக்கும் சிரித்த முகத்தோடுதான் வழி சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்பது கணவனுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

அன்று கணவனோடு பள்ளிக்கூட அரங்கில் உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலச் சொற்போட்டியின் கடைசிச் சுற்று. வரும் வார்த்தைக்குப் பொருளும் உதாரணமும் தாய்மொழியில் சொல்ல வேண்டும். மகளுக்கு வந்தது ‘ஃபசாட்’.

“உள்ள ஒண்ணு இருக்க, வெளிய வேற ஒண்ணக் காட்டுறது. எங்கம்மாவோட சிரிப்பு மாதிரி.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பெற்ற பிள்ளையே மானத்தைக் கப்பலேற்றிவிட்டதே! பஸ் டிரைவர் கணவன் வேறு தோள் குலுங்கச் சிரித்தான். அவன் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள்.

மகள் நிறுத்தவில்லை. “அப்பாவுக்கு மாடியில ஆபரேஷன் நடந்தப்போ அம்மாவுக்கு லீவு கிடைக்கல. கீழ கவுண்டர்ல இருந்தாங்க. பயந்து வந்தவங்ககிட்ட எல்லாம், ‘ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க’ன்னு சிரிச்சாங்க. மேசைக்கு அடியில அவங்க கை நடுங்கினது பக்கத்துல இருந்த எனக்குத்தான் தெரியும்.”

கணவனின் சிரிப்பு நின்றுபோனது. இதை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

நடுவர் மைக்கை வாங்கினார். “உருக்கமா இருக்கும்மா. ஆனா இந்த வார்த்தைய பெரும்பாலும் குறை சொல்லத்தான் சொல்லுவாங்க. ஊரை ஏமாத்துற வேஷத்துக்குத்தான் அது பொருந்தும். வேற உதாரணம் சொல்லு, கோப்பை உனக்குத்தான்.”

என்கொயரி அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இந்தக் கோப்பைக்காக அகராதியும் கையுமாகவே திரிந்த பிள்ளை. ‘மாத்திச் சொல்லுடி, கண்ணு’ என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மகள் நடுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ இந்த வார்த்தை எங்கம்மாவுக்குப் பத்தாது சார். வேற வார்த்தை இருந்தா குடுங்க. உதாரணத்த நான் மாத்த மாட்டேன்.”

விதி விதிதானே, கோப்பை இன்னொரு பெண்ணுக்குப் போனது. போனால் போகட்டும், யாருக்கு வேண்டும் அந்தத் தகரம்!

“எம் பொண்ணு! அது எம் பொண்ணு!” என்று எழுந்து நின்று கை தட்டினாள் என்கொயரி அக்கா. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் அழுதாள்.