முகத்தில் ஏறிய சிவப்பு

புது மாத்திரை போட ஆரம்பித்த அன்றே பெயிண்டரின் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. காலமெல்லாம் கார்களுக்கு ஸ்பிரே அடித்து அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட மனிதர். சாம்பல் பூத்துக் கிடந்த கன்னம் செக்கச்செவேலென்று ஆனதைப் பார்த்து மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயை விரித்துவிடும், மூச்சுத் திணறல் குறையலாம் என்று டாக்டர் சொன்னதில் அந்த 'லாம்' மட்டும் அவள் காதில் விழவே இல்லை.

"என்ன மச்சான், அக்காவை மறுபடியும் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று அவள் தம்பி கிண்டலடித்தான். பெயிண்டர் சிரித்துவைத்தார். பதில் பேச மூச்சு வேண்டுமே.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடி ஏற முடியாமல் கூடத்து மூலையில் கிடந்த அவர் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய், மாடியறையில் தன் படுக்கைக்குப் பக்கத்தில் விரித்தாள். அன்றிலிருந்து அவரும் ஏறினார். ஏறும்போதெல்லாம் பாதி வழியில் நின்று, கைப்பிடிக் கம்பியில் பெயிண்ட் உரிந்திருப்பதை வெகுநேரம் ஆராய்ந்தார். தொழில் புத்தி எங்கே போகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் அவரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டு, விரலில் மாட்டிய கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரையை நிறுத்திடலாம்மா. ஆக்ஸிஜன் முன்னைவிட இறங்கியிருக்கு. நுரையீரல்ல கெட்டுப்போன பக்கத்துக்கும் இது ரத்தத்தைத் திறந்து விட்டுடுது. அங்க போற ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது."

"முகத்தைப் பாருங்க டாக்டர்! எப்படித் தெளிஞ்சிருக்கு!"

"அது மாத்திரையோட செவப்பும்மா. தோல்ல இருக்கிற குழாயும் விரியுமில்ல?"

"அப்ப வேற மாத்திரை?"

"இவருக்கு இதுக்கு மேல எதுவும் இல்லம்மா."

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? மூச்சு அப்படியேதான் இருந்துச்சா?"

"நீ..." என்று நின்றார். "சிரிச்சிக்கிட்டு..." மறுபடியும் நின்றார். "இருந்தே."

அவளுக்குக் கைப்பிடிக் கம்பி ஞாபகம் வந்தது. ஒருநாள்கூட அவர் பெயிண்டைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மாடிப்படியின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே மேல வேண்டாங்க," என்றாள். தலையாட்டினார்.

அவரைத் தாண்டி ஏறி, படுக்கையைச் சுருட்டிக் கொண்டுவந்து கூடத்து மூலையில் விரித்தாள். காலையில் போட்ட கடைசி மாத்திரையின் சிவப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது. அது வெளுக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.